முட்டுக்கல்

எண்பத்தாறாம் ஆண்டு எங்கள் பக்கத்தில் ஒரு மனிதனின் விலை பன்னிரண்டு வோல்ட் பெட்டரி ஒன்று. புதிதாக இருக்க வேண்டும். பாவித்ததைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதையும் அந்த மாரியில்தான் பார்த்தேன்.

கட்டுகஸ்தோட்டைக் கடைவீதியில் என் வாப்பா முஹைதீனுக்கு வாகன உதிரிப்பாகக் கடை. பின்பக்கச் சாய்ப்பில் பெட்டரிகளுக்குச் சார்ஜ் போடும் மேசை. பேசப் பழகுமுன் விலை கேட்கப் பழகியவன் நான். கேட்ட விலைக்குக் கீழே இன்னொரு விலை இருக்கும், அதற்கும் கீழே இருப்பதுதான் வாங்கும் விலை என்பது எங்கள் வீட்டில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். பொய்ச் சத்தியம் பண்ணி விற்றவர்களையும், அழுது வாங்கியவர்களையும் பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஆனால் இந்த வியாபாரத்தை நினைத்தால் இன்றைக்கும் பெட்டரி அமிலம் தொண்டையில் இறங்கியதுபோல இருக்கிறது.

மடவளை ஸெய்னுலாப்தீன் ஹாஜியாருக்குப் பன்வில வீதியோரம் ஒரு செங்கல் சூளை இருந்தது. சூளைக்கு விறகும் களிமண்ணும் இழுக்க ஒரு பழைய பெர்குசன் டிரக்டர். அது தன்னிடம் வந்த கதையை அவர் பள்ளிவாசல் ஹவுளடியில் தொழுகைக்குக் கால் கழுவிக்கொண்டே ஒரு தர்ம காரியமாகச் சொல்வார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், வீட்டுக்குத் தீ வைத்தவர்கள் அடுத்த ஒழுங்கைக்கு வந்துவிட்ட நேரம், நவரட்ணராஜா என்ற யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் பெண்சாதி பிள்ளைகளோடு ஹாஜியாரின் குசினி வாசலில் வந்து நின்றார். ஏலத்தில் எடுத்துத் திருத்தி, ஓய்வூதியத்துக்குப் பிறகு தோட்டம் செய்வதற்கு அவர் வைத்திருந்த டிரக்டர் அது.

"பத்திரத்தைப் பேந்து பாப்பம் ஹாஜியார். இப்ப எங்களை வவுனியாவுக்கு ஏத்தி விடுங்கோ" என்றாராம்.

ஹாஜியார் ஏற்றிவிட்டார். லொறியில் கோவா மரக்கறிப் பெட்டிகளுக்கு நடுவே ஐந்து பேரும் உயிரோடு போய்ச் சேர்ந்தார்கள். அது உண்மை, அதை யாரும் அவரிடமிருந்து பறிக்க முடியாது. லொறிக் கூலிக்கு ஒரு டிரக்டர் கிடைத்தது என்ற மற்ற உண்மையைச் சொல்லும்போது மட்டும் அவருக்கு வுழூ முடிந்துவிடும், எழுந்து உள்ளே போய்விடுவார். பத்திரம் பேந்தும் பார்க்கப்படவில்லை. டிரக்டர் நவரட்ணராஜாவின் பேரிலேயே ஓடியது.

அந்தக் காலத்து டிரக்டருக்கு ஒரு குணம் உண்டு. இப்போதைய வாகனங்களில் பெட்டரியின் மைனஸைத்தான் இரும்பு உடம்போடு சேர்ப்பார்கள். அதில் பிளஸை உடம்போடு சேர்க்க வேண்டும். உடம்பு எங்களுக்குப் 'பொடி', ஆகவே 'பிளஸ் பொடி' என்று எங்கள் கடையில் சொல்வோம். தெரியாதவன் மாற்றிக் கட்டினாலும் ஸ்டார்ட் ஆகும், அதுதான் கெடுதி. ஓடத் தொடங்கி, டைனமோ பெட்டரிக்குச் சார்ஜ் அனுப்பப் போகும்போதுதான் வயர் உருகிப் புகை வரும். ஹாஜியார் சம்பளம் குறைவென்று முதலில் பிடித்த சாரதி அப்படித்தான் கட்டினான். டைனமோ கருகியது. அதன் பிறகு பெட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை. மீட்டர் முள் மைனஸ் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தது. அந்தச் சாரதியை அனுப்பிவிட்டுத்தான் இராமையாவை எடுத்தார்.

பன்வில பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன் இராமையா. தோட்டத்து வேலைப் பட்டியலில் பேர் வெட்டியதும் பெண்சாதி இரத்தினம்மாவோடு சூளைக்கு வந்தான். சூளைக் கொட்டகையின் ஒரு மூலைதான் வீடு. அவன் டிரக்டர் ஓட்டினான், அவள் கல் சுமந்தாள். வந்த கிழமையே டைனமோவுக்குப் புதுக் கம்பி சுற்றித் தரும்படி கேட்டான். ஹாஜியார் சுற்றியிருந்த மலைகளைக் கையால் காட்டினார்.

"சரிவுக்கு இங்க என்ன பஞ்சம்? டீசல் இஞ்சின்தானே, உருட்டி உட்டா ஓடும். சரிவு சும்மா ஈக்கி. டைனமோவுக்கு எவன் காசு குடுக்கிற?"

ஆக, வேலை முடிந்ததும் சூளைக்கு மேலே உள்ள மேட்டில் டிரக்டரை மூக்குக் கீழே பார்க்க நிறுத்த வேண்டும். பிரேக்கும் செத்துப்போனதால் முன்சில்லுக்கு ஒரு கருங்கல்லை முட்டுக் கொடுக்க வேண்டும். காலையில் இராமையா ஏறி உட்கார, இரத்தினம்மா கல்லை இழுத்து எடுக்க, அது தானாக உருண்டு, கியரில் விழுந்து, இருமிப் புகை கக்கிக்கொண்டு கிளம்பும். இராமையா ஸ்டியரிங்கை வெட்டி வீதிக்கு இறக்குவான். வெட்டாமல் விட்டால் நேரே முன்னால் களிமண் வெட்டிய பள்ளம். மாரியில் அதன் தண்ணீருக்கு அடி தெரியாது. கல் எடுக்கும் வேலைக்கு இரத்தினம்மாவுக்குக் கூலி இல்லை. அவளும் கேட்கவில்லை.

அந்த வருசம் ஹாஜியாருக்குத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்கு விறகு ஏற்றும் வேலை கிடைத்தது. தொழிற்சாலை முற்றம் சமதரை. சமதரையில் அவருடைய சும்மா ஸ்டார்ட்டர் வேலை செய்யாது. வேண்டா வெறுப்பாகக் காசு கொடுத்து, டைனமோவைக் கழற்றிக் கண்டிக்குக் கொண்டுபோய்ச் சுற்றிவரச் சொன்னார்.

இராமையா சுற்றுவித்து, வயர்ச்சுருளும் வாங்கி, எல்லாவற்றையும் உரச் சாக்கில் போட்டு பஸ்ஸில் வந்தான். பாலத்தடியில் பொலிசுக்காரர் குண்டு தேடி எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள். சாக்கைத் திறந்தவன் "மேக்க மொகத?" என்று கேட்டான். இது என்ன என்ற கேள்விக்கு இராமையா தோட்டத்து வாயால் உள்ளதைத்தான் சொன்னான்.

"டைனமா சார், டைனமா."

கேட்டவனின் காதில் டைனமைட் விழுந்தது. பஸ் காலியானது. சனம் ஓடியதாம், அவித்த சோளம் விற்றவள் கூடையை விட்டுவிட்டு ஓடினாளாம். இதை எங்கள் கடைவீதியில் கொஞ்ச நாள் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்கள். நானும் சிரித்தேன்.

பொலிசில் கொண்டுபோய் விசாரித்தபோது இது டிரக்டர் சாமான் என்பது அவர்களுக்கே பாதி விளங்கிவிட்டது. அப்படியென்றால் வயரை எப்படிக் கட்டுவாய், வரைந்து காட்டு என்றார்கள். இராமையா பென்சிலால் அழகாக வரைந்தான். பெட்டரியின் பிளஸை உடம்புக்கு இழுத்துக் காட்டினான். ஜீப் பார்க்கிற மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பிளஸை உடம்புக்குக் கட்டுகிற வாகனம் உலகத்தில் இல்லை என்று அவன் அடித்துச் சொன்னான். அதோடு இராமையா பொய்யன் ஆனான். அவன் வரைந்த தாள் குண்டின் படம் ஆனது.

அவனை விடுவிக்க ஒரேயொரு வசனம் போதும். 'டிரக்டர் என்னுடையது, மேட்டில் நிற்கிறது, வந்து பாருங்கள்.' பொலிஸ் சார்ஜன் சூளைக்கு வந்து ஹாஜியாரிடம் கேட்கவும் கேட்டான். மழை என்பதால் மேட்டுக்கு ஏறாமல், கொட்டகையில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேட்டான். டிரக்டர் என்றால் பத்திரம். பத்திரம் என்றால் நவரட்ணராஜா. நவரட்ணராஜா என்றால் யாழ்ப்பாணம். ஹாஜியாரின் மனக்கணக்கு எப்போதும் வேகம். தனக்கு டிரக்டரே இல்லை, இவன் நாள் கூலிக்குக் கல் சுமக்கிறவன், வேறொன்றும் தெரியாது என்று சொல்லி, சார்ஜனுக்கு இன்னொரு கோப்பை ஊற்றச் சொன்னார். ஊற்றிக் கொடுத்தவள் இரத்தினம்மா.

அடுத்த நாள் அவள் ரொட்டியும் கட்டச்சம்பலும் வாழையிலையில் சுற்றிக்கொண்டு பொலிசுக்குப் போனாள். ரொட்டியை வாசலில் நின்றவன் வாங்கி, அவள் முன்னாலேயே பிய்த்துத் தின்றுவிட்டு, சம்பலுக்கு உப்புக் குறைவு என்றானாம். கிழமை முடிவில் தெற்கே உள்ள முகாமுக்கு லொறி போகிறது, இவனும் அதில் போவான் என்றும் சொன்னான். அங்கே போனவர்களின் பெண்சாதிகள் எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களைக் கண்டால் என்ன சொல்வதென்று தெரியாமல் சனம் வீதியின் மறுபக்கம் மாறிப் போகும்.

இரத்தினம்மா எங்கள் கடைக்கு வந்து வாப்பாவிடம் அழுதாள். டைனமோ எந்த டிரக்டருக்கு என்பது வாப்பாவுக்குத் தெரியும். சந்தை முழுக்கத் தெரியும். வாப்பா என்னைப் பார்த்தார், சாமான் தட்டைப் பார்த்தார். கடைசியில், ஹாஜியாரிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்று அவளையும் ஏற்றிக்கொண்டு எங்கள் வேனில் சூளைக்குப் போனார். நான்தான் ஓட்டினேன்.

தூறல். சூளை அணைந்து ஈரச் சாம்பல் நாறியது. ஹாஜியார் குடையைப் பிடித்துக்கொண்டு கற்களுக்குத் தகரம் மூடுவித்துக்கொண்டிருந்தார். வாப்பா பேசினார். ஹாஜியார் பெருமூச்சு விட்டார், இராமையா தனக்குப் பிள்ளை மாதிரி என்றார், நெஞ்சில் கை வைத்தார், அல்லாஹ் காப்பான் என்றார். அவர் செலவழிக்கக் கூசாத ஒரே சாமான் அதுதான். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த இரத்தினம்மா மேட்டில் ஏறினாள். டிரக்டரின் முன்சில்லருகே குந்திக் கல்லில் கை வைத்தாள்.

"இரத்தினம்மா, அங்க என்ன வேல?" என்றார் ஹாஜியார்.

"சும்மாங்க மொதலாளி. கல்லு ஒண்ணு கெடக்கு. எடுத்துக்கலாமானு பாக்கிறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? எடுத்தா டிரக்டர் குழிக்குள்ள போகும்."

"யாரு டிரக்டருங்க?"

ஹாஜியாரின் குடை கொஞ்சம் சாய்ந்தது.

"இங்க டிரக்டரே இல்லன்னு சார்ஜன் அய்யாகிட்ட சொன்னீங்களே. நாந்தான தேத்தண்ணி ஊத்திக்கிட்டு நின்னேன். இல்லாத டிரக்டரு எங்க போனா உங்களுக்கென்னங்க?"

விலை பேசுவதில் பிறந்து வளர்ந்தவன் சொல்கிறேன்: அதைவிடச் சுத்தமான பேரத்தை நான் பார்த்ததில்லை. அவள் கத்தவில்லை. கல்லை ஒரு விரற்கடை அசைத்தாள். டிரக்டர் ஒருதரம் முனகியது. ஹாஜியார் செருப்பை விட்டுவிட்டுச் சேற்றில் நாலடி ஏறினார்.

"உடு புள்ள, உடு. நான் அவன எடுத்துத் தாறன். அல்லாஹ் மேல சத்தியமா எடுத்துத் தாறன்."

எடுத்துத் தருவதற்கு அந்த ஒரு வசனத்தைச் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. மாலையே சார்ஜனைத் தனியாகக் கண்டு பேசினார். சார்ஜனின் சொந்த ஜீப் காலையில் தள்ளித்தான் ஸ்டார்ட் ஆகிறதாம். ஒரு புதுப் பெட்டரி வந்தால், குண்டின் படம் காணாமல் போகும், டைனமைட் மறுபடி டைனமோ ஆகும். பேசி முடித்த விலை அதுதான்.

மறுநாள் காலை ஹாஜியார் எங்கள் கடைக்குக் கொண்டுவந்து இறக்கியது டிரக்டரின் பெட்டரியை. வருசக்கணக்காகச் சார்ஜ் இல்லாமல் செத்து, தட்டுகளில் வெள்ளை பூத்துக் கிடந்தது. அவரே மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். தாரை உருக்கி மேலே பளபளவென்று பூசினார். முனைகளை அரத்தால் ராவி வெள்ளியாக்கினார். மறுநாள் வரை சார்ஜில் போடச் சொன்னார். இது இரண்டு நாள் தாங்காது என்று வாப்பா சொல்லிப் பார்த்தார்.

"ரெண்டு நாள் போதுமே முஹைதீன். அதுக்குள்ள அவன் வெளிய வந்திருவான். பொலிசுக்காரன் என்ன ரசீதா கேக்கப் போறான்?"

சார்ஜ் ஏறும்போது அந்தச் செத்த பெட்டரி கொதித்தது. அழுகின முட்டை நாற்றம் சாய்ப்பு முழுக்க நின்றது. அந்த நாற்றத்துக்குள் நின்றுகொண்டு ஹாஜியார் என்னிடம் பிளேன்டீயும் பனங்கட்டியும் கேட்டு வாங்கிக் குடித்தார். சார்ஜுக்குக் காசை வாப்பா அவரிடம் வாங்கினார். எங்கள் கடையில் சும்மா சார்ஜ் போடுவதில்லை.

பெட்டரி போனது. ஜீப் சீறிக்கொண்டு ஸ்டார்ட் ஆனதாம். நாளை மறுநாள் பெரியவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்புகிறேன் என்று சார்ஜன் சொல்லியிருந்தான். அந்த நாளையும் ஹாஜியார் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

சொன்ன அந்த நாள் காலை சார்ஜன் சாவியைத் திருப்பியபோது ஜீப் டிக் என்றது, பிறகு அதுவும் இல்லை. மெக்கானிக் வந்து கத்தியால் தாரைச் சுரண்டிப் பார்த்தான். தன்னை ஏமாற்றியது யார் என்பது சார்ஜனுக்குத் தெரியும். ஆனால் ஹாஜியார் மடவளையில் இருந்தார், இராமையா பக்கத்து அறையில் இருந்தான்.

அன்று மத்தியானம் சொல்லியனுப்பிய விலை பழைய விலைதான், ஆனால் கடையில் பெட்டி திறக்காத பெட்டரியாக வேண்டும், அமிலத்தைத் தன் கண் முன்னால் ஊற்ற வேண்டும். ஹாஜியார் எங்களிடமே ஒன்று வாங்கினார். வாங்கும்போதும் ஐம்பது ரூபா குறைக்கச் சொல்லி நின்றார். வாப்பா குறைத்தார். அன்றைக்கு எனக்கு யாரைப் பார்த்து அதிகம் குமட்டியது என்று இன்றைக்கும் தீர்மானிக்க முடியவில்லை.

இராமையா லொறி போவதற்கு முதல் நாள் வந்தான். நடந்துதான் வந்தான். வலது கையைச் சாரத் துணியில் சுற்றியிருந்தான். அரசாங்க ஆசுபத்திரியில் துணியை அவிழ்த்த நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான்கு விரலில் நகம் இல்லை, இரண்டு விரல் மடங்கவில்லை. இரத்தினம்மாதான் அவன் சொன்னதாகப் பிறகு சொன்னாள்: முதல் நாட்களில் அடித்தவர்கள் குண்டைப் பற்றிக் கேட்டார்களாம், கடைசி நாள் ஒன்றுமே கேட்கவில்லையாம், பெட்டரி பெட்டரி என்று மட்டும் சொன்னார்களாம். தனக்கு விளங்கவேயில்லை என்றானாம். எந்தப் பெட்டரி என்று அவன்தான் அவளிடம் கேட்டானாம். அவள் மேட்டில் ஏறி, டிரக்டரில் பெட்டரி இருந்த தட்டைப் பார்த்தாள். வெறுந்தட்டு.

அவள் என்னிடம் வந்து ஒரு கேள்விதான் கேட்டாள். கொடுத்தது அந்தப் பழசா தம்பி என்றாள். ஓம் என்றேன்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து கடையைத் திறந்தோம். ஹாஜியார் அத்தர் மணக்க வந்து கதிரையில் உட்கார்ந்தார். இராமையாவும் பெண்சாதியும் ஹேவாஹெட்டைத் தோட்டத்துக்கு, அவளுடைய தம்பியிடம் போகப் போவதாகக் கேள்விப்பட்டிருந்தார். கணக்கு முடிக்காமல் எப்படிப் போவார்கள் என்று, இருவரையும் நடுவர் முன்னால் வரச் சொல்லியிருந்தார். நடுவர் வாப்பா.

இராமையா வீதிக்கு மறுபக்கம் பஸ் தரிப்பில் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். இரத்தினம்மா மட்டும் தோளில் ஒரு உரச் சாக்கோடு உள்ளே வந்து, அதை இறக்காமலே நின்றாள்.

ஹாஜியார் கணக்கை எழுதுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"புதுப் பெட்டரி ஆயிரத்து எரநூத்தம்பது. வேன் கூலி நூத்தி இருவது. சார்ஜனுக்குச் சோடா எரநூறு. பொலிசில நிண்டுபோன டைனமோவச் சுத்தின காசு முன்னூத்தம்பது. பழைய பெட்டரி முன்னூறு. அதச் சார்ஜ் போட்ட முப்பது, தார் பதினஞ்சு. ரெண்டாயிரத்து எரநூத்தி அறுவத்தஞ்சு. ஆசுபத்திரிக்குப் போன செலவ நான் கேக்கல்ல, அது என்ட சதக்கா, தர்மம். மிச்சத்தக் கழிக்கும் வரைக்கும் அவன் டிரக்டர ஓட்டட்டும். கை ஏலாட்டி நீ கல்லுச் சொமக்கலாம்."

கடையில் நின்ற ஒரு வாடிக்கையாளன், வாங்கிய போல்ட்டை மறந்துவிட்டு வெளியே போனான்.

"தாரையுமாங்க மொதலாளி?" என்றாள் இரத்தினம்மா.

"தார் என்ன, சும்மாவா வருது?"

அவள் தலையை ஆட்டினாள், நியாயம்தான் என்பதுபோல. சாக்கை இறக்கி, உள்ளே கைவிட்டு, எடுத்ததை எங்கள் மேசைமேல் வைத்தாள். மேசை அதிர்ந்தது. கருங்கல். ஒரு பக்கம் டயர் பதிந்து மழமழவென்று தேய்ந்திருந்தது. மறு பக்கம் செம்மண் ஈரம் காயவில்லை.

"இதையும் கணக்குல சேத்துக்கங்க. நீங்கல்லாம் பள்ளிக்குப் போன நேரம் பாத்துத்தான் எடுத்தேன். குழியடியில ஒருத்தரும் இல்ல, நல்லாப் பாத்துக்கிட்டேன்."

ஹாஜியார் கல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய மனக்கணக்கு முதல்முறையாக மெதுவாக ஓடுவதைக் கண்டேன். முகம் கறுத்தது, கழுத்து நரம்பு எழும்பியது. கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்து, இப்பவே பொலிசுக்குப் போறன் என்றார். வாசற்படி வரைக்கும் போனார். அங்கே நின்றுவிட்டார்.

"போங்க மொதலாளி" என்றாள் அவள். "யாரு டிரக்டருன்னு கேப்பாங்க."

ஹேவாஹெட்டை பஸ் வந்தது. இராமையா இடது கையால் தகரப் பெட்டியைத் தூக்கினான். அவள் வெறுஞ் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீதியைக் கடந்தாள். இருவரும் ஏறும் வரைக்கும் ஹாஜியார் வாசற்படியில்தான் நின்றார், உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல்.

பிறகு வாப்பாவிடம் திரும்பி, நீங்க நடுவர்தானே, கணக்கைச் சொல்லுங்க என்றார். வாப்பா பழக்கத்தில் விரல் விடத் தொடங்கினார். ஹாஜியாருக்கு வரவேண்டியது இரண்டாயிரத்து இருநூற்று அறுபத்தைந்து. அவர் கொடுக்க வேண்டியது நான்கு நகம், மடங்காத இரண்டு விரல், இத்தனை காலம் காலையில் கல் எடுத்த கூலி. கழித்தால் சரிக்குச் சரி என்று முடித்துவிட்டு, விரலை மடக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

"டிரக்டர்?" என்றேன் நான்.

"அது ஹாஜியார்ட கணக்கில வராது, மகன்" என்றார் வாப்பா. "அது நவரட்ணராஜாட. பாக்கி."